மருத்துவ மைல்கற்கள் சுவர்ப்படம்: ஓய்வுபெற்ற டிஸ்பென்சரின் மதிப்பீடு

தாள் தரமானது, அச்சு தெளிவானது, ஆண்டுகள்தான் கோளாறு. ஹட்டனில் ஒரு புத்தகக்கடையில் 850 ரூபா கொடுத்து வாங்கிய சுவர்ப்படத்தைப் பற்றி என் தீர்ப்பு இதுதான். 1940 முதல் 1970 வரையான மருத்துவ, உயிரியல் கண்டுபிடிப்புகள் என்று மேலே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் மாலையில் வந்து படிக்கும் உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்காக வாங்கினேன். தோட்ட டிஸ்பென்சரியில் ஊசியும் குளிகையுமாகக் காலம் கழித்தவனுக்கு இப்படி ஒன்றைக் கண்டால் கை சும்மா இருக்காது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கியது லெமினேட் செய்த பிரதி. தலவாக்கலைப் பக்கத்து ஈரத்தில் சாதாரணத் தாள் ஒரு மழைக்காலத்திலேயே அப்பளமாக நெளிந்துவிடும், இது அசையவில்லை. எழுத்து பின்வரிசை வாங்கில் இருந்தும் தெரிகிறது. டி.என்.ஏ. ஏணியின் படம் அழகு. இணையும் காரங்களை வெவ்வேறு நிறத்தில் காட்டியிருப்பது பிள்ளைகளுக்கு உதவும்.

இனி ஆண்டுகளுக்கு வருவோம். பென்சிலினுக்கு 1945, காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினுக்கு 1952, டி.என்.ஏ. அமைப்புக்கு 1962. மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இவை கண்டுபிடித்த ஆண்டுகள் அல்ல, நோபல் பரிசு கொடுத்த ஆண்டுகள். யாரோ பரிசுப் பட்டியலை எடுத்து அப்படியே படமாக்கியிருக்கிறார்கள்.

ஆண்டு பிழையானால் என்ன, ஆட்கள் சரிதானே என்று கடைக்காரர் கேட்டார். ஆட்களும் பிழைதான், ஐயா. பென்சிலின் கட்டத்தில் ஃபிளெமிங், ஃபுளோரி, செயின் மூவரின் முகங்கள் மட்டுமே. 1940 மே மாதம் ஒக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரியின் குழுவினர் எட்டு எலிகளுக்குக் கிருமியை ஏற்றி, நான்குக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். இரவெல்லாம் உட்கார்ந்து பார்த்தவர் அந்தக் குழுவின் நோர்மன் ஹீட்லி. விடியுமுன் மருந்து பெறாத நான்கும் செத்துப்போயின. மருந்து தரும் பூஞ்சணம் வளர்க்கப் பாத்திரம் போதாமல் நோயாளிகளின் பெட்பேன்களில்கூட வளர்த்தார்கள். அடுத்த ஆண்டு அல்பர்ட் அலெக்சாண்டர் என்ற பொலிஸ்காரருக்கு ஏற்றினார்கள். அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடியும் ஏற்றினார்கள். தேறி வந்தவர், மருந்து தீர்ந்துபோனதால் இறந்தார். வாட்டில் பெட்பேன் தூக்கியவர்களுக்குத் தெரியும், இந்தக் கதையைப் பிள்ளைகள் ஒருநாளும் மறக்கமாட்டார்கள். கோட்டுப் போட்ட மூன்று கனவான்களின் முகங்கள் அவர்கள் மனதில் நிற்கப்போவதில்லை.

ஸ்ட்ரெப்டோமைசின் கட்டத்தில் பரிசு பெற்ற வக்ஸ்மன் தனியாகச் சிரிக்கிறார். 1943இல் அவருடைய ஆய்வுகூடத்தில் அந்த மருந்தைச் சுரக்கும் கிருமியைப் பிரித்தெடுத்த மாணவர் அல்பர்ட் ஷட்ஸ். அவர் வழக்குப் போட்டு, 1950இல் இணைக் கண்டுபிடிப்பாளர் என்ற உரிமையைப் பெற்றார். பரிசுக் குழு அதைக் கண்டுகொள்ளவில்லை, இந்தப் படமும் கண்டுகொள்ளவில்லை. டி.என்.ஏ. அமைப்பு 1953இல் வெளிவந்தது. அதற்கு ஆதாரமான எக்ஸ்ரே வேலையைச் செய்த ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் 1958இல் காலமானார். 1962 என்று போட்டால் அவர் இருந்த சுவடே இல்லை.

அதைவிட மோசம், பரிசு கிடைக்காதது எதுவும் இதில் இல்லை. 1955இல் வெற்றி என்று அறிவிக்கப்பட்ட சோல்க்கின் போலியோ தடுப்பூசி எங்கே என்று தேடினேன். கிடையாது, அவருக்கு நோபல் கிடைக்கவில்லை. போலியோ வைரசை ஆய்வுகூடத்தில் வளர்த்த என்டர்ஸ் குழு 1954இல் பரிசு வாங்கியதால் இடம் பிடித்துவிட்டது. அதே 1954இல் பொஸ்டனில் ஒரு இரட்டையரிடமிருந்து மற்ற இரட்டையருக்குச் சிறுநீரகம் மாற்றினார்கள். செய்தவர் ஜோசஃப் மரே. அவருக்குப் பரிசு வந்தது 1990இல். ஆகவே சிறுநீரகம் படத்தை விட்டே ஓடிவிட்டது!

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது சென்னைக்காக. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வில், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில், மறு பாதி நெரிசலான தங்கள் வீடுகளில். இரு தரப்புக்கும் ஐசோனியசிட்டும் பாஸ் மருந்தும் ஓராண்டு. 1959இல் வந்த முடிவு, வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமானார்கள் என்பது. வீட்டாருக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. சாப்பாடு குறைவு, ஓய்வு குறைவு, காற்றோட்டம் குறைவு, ஆனாலும் குணம். லயத்தில் ஒரே காம்பராவில் ஏழெட்டுப் பேர் படுக்கும் இடத்தில் மருந்து கொடுத்தவன் நான். அந்த ஆய்வு இல்லாவிட்டால் எத்தனை கொழுந்தெடுக்கும் பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு மாதக்கணக்கில் சானடோரியத்தில் கிடந்திருப்பார்கள்!

டி.டி.ரி. என்ற நுளம்பு மருந்துக்கு முல்லரின் முகமும் 1948உம் இருக்கின்றன. 1934–35 மலேரியாவில் பல்லாயிரம் பேரை இழந்த நம் நாட்டில், மருந்தடித்த பிறகு 1963இல் பதிவானது வெறும் 17 நோயாளிகள் என்பதும், கண்காணிப்புத் தளர்ந்து 1968இல் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது என்பதும் இல்லை. எந்த நாட்டில் அச்சடித்தார்களோ தெரியாது, இலங்கையில் விற்பவர்கள் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அப்படியென்றால் வாங்கலாமா? ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் நின்று திருத்திச் சொல்வதானால் வாங்கலாம். வாசிகசாலைப் படத்தில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிச் சரியான ஆண்டுகளை எழுதிவிட்டேன். ஓரத்தில் ஷட்ஸ், ஃபிராங்க்ளின், ஹீட்லி பெயர்களும் ஏறின. சென்னைக்கு மட்டும் தனித்தாள் வேண்டியிருந்தது. தனியாகப் படிக்கும் பிள்ளைக்கு, அதுவும் பரீட்சை நெருங்கும் நேரத்தில், வாங்கிக் கொடுக்காதீர்கள். லெமினேட் இல்லாத பிரதி 600 ரூபாவுக்குக் கிடைக்கிறது. மலைநாட்டில் அது வீண்செலவு. பணம் கொடுக்குமுன் கடையிலேயே விரித்துக் காட்டச் சொல்லுங்கள், இறப்பர் பட்டி இறுக்கிய இடத்தில் சில பிரதிகளில் மடிப்பு விழுந்திருக்கிறது.