கப்பலா, வகுப்பறையா? அரசு செலவில் போகும் இரண்டு இளைஞர் பயணங்கள்

சித்தி மகன் போன மாதம் மலேசியாவில் எங்கள் கிள்ளான் வீட்டுக்கு இரண்டு திட்டங்களின் விவரங்களை அச்சடித்துக்கொண்டு வந்தான். ஒன்று ஜப்பான் அரசின் தென்கிழக்காசிய இளைஞர் கப்பல். மற்றொன்று அமெரிக்க வெளியுறவுத் துறை தென்கிழக்காசிய இளந்தலைவர்களுக்காக நடத்தும் வைசியாலி (YSEALI). "அக்கா, எதற்கு எழுதிப் போடலாம்?" என்று கேட்டுவிட்டு முறுக்கில் கையை வைத்தான்.

பத்து ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வி எனக்கும் வந்தது. கப்பலுக்குத் தேர்வாகியிருந்த அதே வேளையில் வைசியாலி நேர்காணலுக்கும் அழைப்பு வந்தது. நான் கப்பலைத் தேர்ந்துகொண்டேன். இரண்டு ஆண்டுகள் கழித்து என் அத்தை மகள் வைசியாலியில் போய் வந்தாள். ஆகவே கப்பலைப் பற்றி நான் எழுதுவது பட்டறிந்தது, அமெரிக்காவைப் பற்றி எழுதுவது அவள் வாய்மொழி. இதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டுக்கும் பொதுவானவற்றை முதலில் முடித்துவிடலாம். விமானச் செலவு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அழைக்கும் அரசுடையது. ஆங்கிலம் தடுமாறாமல் வர வேண்டும். ஏதாவது ஒரு சமூகப் பணியில் ஈடுபட்டிருக்க வேண்டும். கப்பலுக்கு வயது 18 முதல் 30 வரை. வைசியாலியின் மாணவர் பிரிவுக்கு 18 முதல் 25, வேலையில் இருப்பவர்களுக்கான பிரிவுக்கு 25 முதல் 35. ஜெனிசிஸ் என்று 2007இல் ஜப்பான் தொடங்கிய குறுகிய காலப் பயணத் திட்டமும் உண்டு. போய்ப் பார்த்துவிட்டுச் சீக்கிரமே திரும்பிவிடலாம். கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் மேற்சொன்ன இரண்டோடு அதை ஒரே தட்டில் வைக்க முடியாது.

எந்த அரசும் அந்நிய நாட்டுப் பிள்ளைகளுக்குச் சும்மா பணம் செலவழிப்பதில்லை. 1974 ஜனவரியில் ஜப்பானியப் பிரதமர் தனாக்கா இந்த வட்டாரத்துக்கு வந்தபோது பேங்காக்கில் மாணவர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். ஜகார்த்தாவில் கலவரமே வெடித்து உயிர்கள் போயின. ஜப்பானியக் கார்களைக் கொளுத்தினார்கள். சந்தையெல்லாம் ஜப்பான் சரக்காக நிறைந்திருந்த எரிச்சல் அது. போரின் நினைவும் ஆறியிருக்கவில்லை. அந்தப் பயணத்தையொட்டித்தான் கப்பல் யோசனை உருவெடுத்தது. அதே ஆண்டிலேயே மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் இளைஞர்களை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் புறப்பட்டது. வைசியாலி 2013இல் ஒபாமா ஆட்சியில் பிறந்தது. அமெரிக்கா தன் கண்ணை ஆசியா பக்கம் திருப்பிய காலம். முதலாவது பழைய காயத்துக்குப் போட்ட மருந்து, இரண்டாவது எதிர்காலத்துக்கு இடும் முதலீடு. இது தெரிந்து போவது நல்லது. தெரியாமல் போனாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இனி கப்பல். நான் போன 'நிப்பொன் மாரு'வில் பத்து ஆசியான் நாடுகளும் ஜப்பானும் சேர்ந்து முந்நூறு பேருக்கு மேல் இருந்தோம். பயணம் ஏறத்தாழ ஐம்பது நாள். ஒரு கேபினுக்கு மூன்று பேர், மூவரும் வெவ்வேறு நாடு. எனக்கு வாய்த்தவர்கள் லாவோஸ்காரி ஒருத்தியும் ஜப்பான்காரி ஒருத்தியும். கடலே இல்லாத நாட்டில் பிறந்த அந்த லாவோஸ் பெண் ஒரு நாள்கூட வாந்தி எடுக்கவில்லை. துறைமுக ஊரில் வளர்ந்த நான் நவம்பர் மாதத் தென்சீனக் கடலில் மூன்று நாள் படுக்கையை விட்டு எழவில்லை.

காலையில் கொடிகளோடு அணிவகுப்பு, பிறகு உரையாடல் குழுக்கள், மாலையில் ஏதாவது ஒரு நாட்டின் கலைநிகழ்ச்சி. எங்கள் முறை வந்தபோது மலாய் ஆட்டமான சபினும் சிங்க நடனமும் பரதமும் ஒரே மேடையில் ஏறின. பரதம் ஆடியது நான். பதினான்கு வயதில் விட்ட ஆட்டத்தைப் பயிற்சி முகாமில் அவசர அவசரமாக மீட்டெடுத்தேன்.

உரையாடல் குழுக்களில் ஆழம் போதாது என்பதை மறைக்க மாட்டேன். முப்பது பேர் வட்டமாக உட்கார்ந்து சுற்றுச்சூழல் என்றால் என்ன சொல்ல முடியும்? எல்லாரும் மரம் நட வேண்டும் என்றார்கள். உங்கள் சொந்த அரசு தேர்ந்தெடுத்து, சீருடை மாட்டி, 'நாட்டின் பிரதிநிதி' என்று அனுப்பிய பிறகு சொந்த நாட்டைப் பற்றிக் காரமாகப் பேச நாக்கு எழாது. நான் மலேசியாவாக நின்றேன், நானாக நின்றது குறைவு. மலேசியாவாக நிற்பதும் ஒரு தமிழச்சிக்கு அவ்வளவு சுலபமல்ல. ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒருவராவது "நீ இந்தியாவா?" என்று கேட்பார். மலாய்த் தோழி எனக்கு முன்னால் பதில் சொல்லிவிடுவாள். அதற்காகவே அவளை இன்றும் பிடிக்கும்.

கைச்செலவும் இருக்கிறது. சீருடைத் துணிமணி, விருந்தோம்பும் குடும்பங்களுக்குக் கொண்டுபோகும் பரிசுகள், புறப்படுமுன் நடக்கும் பயிற்சி முகாமுக்கான விடுப்பு என்று கணக்கு ஏறும். வேலையில் இருப்பவர் ஐம்பது நாள் விடுப்புக் கேட்டுப் பாருங்கள், முதலாளியின் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். நான் சம்பளமில்லாத விடுப்பில்தான் போனேன்.

வைசியாலி மாணவர் பிரிவு ஐந்து வாரம். ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இருபது சொச்சம் பேர் தங்கிப் படிக்க வேண்டும். குடிமக்கள் பங்கேற்பு, சுற்றுச்சூழல், சமூகத் தொழில்முனைவு என்று தலைப்புக்கு ஏற்பப் பல்கலைக்கழகம் மாறும். என் அத்தை மகள் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவில் குடிமக்கள் பங்கேற்பு படித்தாள். நகர மன்றக் கூட்டத்தில் உட்கார்ந்து, சாலைக் குழிக்காக ஒரு பாட்டி மூன்று நிமிடம் ஒலிவாங்கியில் சண்டை போட்டதைப் பார்த்தாளாம். வகுப்பில் படித்த எல்லாவற்றையும்விட அந்தப் பாட்டிதான் மனத்தில் நின்றாள் என்பாள். கடைசியில் வாஷிங்டன் போய் முடிகிறது பயணம். அவளை யாரும் நாட்டின் பிரதிநிதி என்று சொல்லவில்லை. தேர்ந்தெடுத்ததும் அமெரிக்கத் தரப்பு, எங்கள் அமைச்சு அல்ல. அவள் அவளாகவே பேசினாள், எங்கள் ஊர் ஆற்று மாசைப் பற்றிப் புள்ளிவிவரத்தோடு வாதாடினாள். படிப்பு என்று பார்த்தால் கப்பல் இதன் கால் தூசிக்கு வராது.

விசாவிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. அமெரிக்க அரசின் பணத்தில், பரிமாற்றப் பயணிகளுக்கான ஜே-1 விசாவில் போய் வந்தவர்கள், பிறகு அங்கே வேலை விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டுமென்றால், முதலில் மொத்தம் இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருந்தாக வேண்டும். மேற்படிப்புக்கு மாணவர் விசா வாங்க அது குறுக்கே நிற்காது. அமெரிக்காவில் வேலை என்ற கனவு இருப்பவர்கள் இதை இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.

அப்படியானால் நான் ஏன் கப்பல் பக்கம் சாய்கிறேன்? ஊர் திரும்பிய பிறகு எது உயிரோடு இருக்கிறது என்பதற்காக. இரண்டையும் தரம் பிரிப்பது என் பார்வையில் இந்த ஒன்றுதான்.

அரசின் பணம் ஒரு பயணத்தை உண்டாக்கும், உறவைப் பராமரிக்காது. பராமரிக்க வேறு வழி வேண்டும். வைசியாலி அதற்கும் பணத்தையே வழியாக வைத்திருக்கிறது. உறுப்பினர்களின் சமூகத் திட்டங்களுக்குச் சிறு நிதி, வட்டாரப் பயிலரங்குகள், மறுபடி சந்திக்க விமான டிக்கெட். சிறு நிதி 15,000 டாலர் வரை என்று அறிவித்த ஆண்டுகள் உண்டு. நம் மலேசிய வெள்ளியில் (ரிங்கிட்) கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும். ஓர் ஊருக்கே உதவக்கூடிய தொகை, அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் குழாயின் மறுமுனை வாஷிங்டனில் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவுத் துறை பரிமாற்றத் திட்டங்களுக்கான பட்டுவாடாவைப் பதினைந்து நாளுக்கு நிறுத்தியது. அதே ஆண்டு மே மாதம் வெள்ளை மாளிகை அனுப்பிய வரவுசெலவு முன்மொழிவு, கல்வி, கலாச்சாரப் பரிமாற்ற ஒதுக்கீட்டில் 69 கோடி டாலரை, அதாவது ஏறத்தாழ 93 விழுக்காட்டை, வெட்டச் சொன்னது. முன்மொழிவு சட்டமல்ல, பணம் ஒதுக்குவது காங்கிரஸ். இருந்தாலும் அந்த மாதங்களில் அத்தை மகளின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அடுத்த சந்திப்பைப் பற்றிய பேச்சு அப்படியே அடங்கிவிட்டது. டிக்கெட் வந்தால் சந்திப்போம் என்று பழகியவர்களுக்கு டிக்கெட் இல்லாமல் எப்படிச் சந்திப்பது என்று தெரியவில்லை.

கப்பல் வேறு மாதிரிப் பழக்குகிறது. துறைமுகம் சேர்ந்ததும் இருவர் இருவராகப் பிரித்து உள்ளூர்க் குடும்பங்களிடம் ஒப்படைத்துவிடுவார்கள். இரண்டு இரவு அவர்கள் வீட்டில் உறக்கம், அவர்கள் வீட்டுச் சாப்பாடு. மணிலாவில் என்னை அழைத்துப்போன குடும்பத்தில் அந்த அம்மா எண்பதுகளில் இதே கப்பலில் வந்தவர். அப்போது யாரோ ஒரு மலேசியக் குடும்பம் தனக்குப் பாய் விரித்தது, அந்தக் கடனை அடைக்கிறேன் என்றார். கப்பலில் போனவள் ஊர் திரும்பியதும் விருந்தோம்புபவள் ஆகிறாள். யாரும் எழுதி வாங்குவதில்லை, ஆனால் அடுத்த கப்பல் வரும்போது படகுத்துறையில் போய் நிற்காமல் இருக்க முடியாது. எங்கள் நாட்டில் முன்னாள் பயணிகளுக்குக் கபேசா என்ற சங்கம் இருக்கிறது, மற்ற நாடுகளிலும் இப்படி உண்டு. எல்லா நாட்டுச் சங்கத்தாரும் கூடும் பொதுக்கூட்டம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நாட்டில் நடக்கும். டிக்கெட் சொந்தக் காசு. அறுபது வயதுக்காரர்கள் இருபது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தங்கள் கேபின் எண்ணைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

2020இல் பெருந்தொற்று வந்து கப்பல் நின்றபோது எனக்குக் கொஞ்சம் அச்சமாகத்தான் இருந்தது. ஜப்பான் அரசும் அரசுதானே, ஒருமுறை மிச்சப்பட்ட பணத்தை மறுபடி ஏன் எடுக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அந்த ஆண்டுகளிலும் எங்கள் கூட்டம் கலையவில்லை. முகமூடியோடு திரையில் சந்தித்தோம். எல்லை திறந்ததும் முதலில் என் வீட்டுக்கு வந்த வெளிநாட்டுக்காரி என் லாவோஸ் கேபின் தோழிதான். அதற்கு எந்த அமைச்சும் கையெழுத்துப் போடவில்லை, செலவு ஒரு மெத்தையும் மூன்று நாள் இட்லி மாவும்.

எதிர்வாதம் ஒன்றை அத்தை மகளே சொல்வாள். "உங்களுடையது நட்பு, எங்களுடையது வேலை. நீங்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுகிறீர்கள், நாங்கள் ஆற்றைச் சுத்தம் செய்கிறோம்." இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஐம்பது ஆண்டு வயதான கப்பல் திட்டத்தையும் பன்னிரண்டு ஆண்டுத் திட்டத்தையும் அருகருகே நிறுத்துவதும் நியாயமில்லைதான். வைசியாலிக்காரர்கள் அறுபது வயதாகும்போது எங்களைவிட நெருக்கமாக இருக்கலாம். வேலையில் இருப்பவர்களுக்கான பிரிவில் போனவர் எவரையும் எனக்கு நேரில் தெரியாது, அதனால் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஒமாஹாவில் பழகிய கம்போடியத் தோழியோடு அவளுக்கு இன்னும் தொடர்பு இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். இருக்கிறது என்றாள். வீட்டுக்குப் போயிருக்கிறாயா என்றேன். "இன்னும் நிகழ்ச்சி எதுவும் அமையவில்லை, அக்கா" என்றாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

தம்பிக்கு நான் சொன்னது கணக்குச் சார்ந்தது. அவனுக்கு இப்போது 22. அமெரிக்க மாணவர் பிரிவின் கதவு 25இல் மூடும், கப்பலுக்கு 30 வரை நேரம் இருக்கிறது. எனவே மனம் கப்பலில் இருந்தாலும் முதலில் வைசியாலிக்கு எழுதிப் போடு, இந்த ஆண்டுக்கான அழைப்பு வந்திருக்கிறதா என்று மட்டும் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடு என்றேன். கப்பலில் நான் போன காலத்து நாட்கணக்கையும் துறைமுகங்களையும் நம்பாதே, அவை ஆண்டுக்கு ஆண்டு மாறும், அமைச்சின் அறிவிப்பைப் படி என்றும் சொன்னேன். இரண்டும் ஒரே ஆண்டில் கிடைத்தால்? அப்போது கப்பல்தான். அதில் எனக்கு ஊசலாட்டமே இல்லை.

அவன் முறுக்குத் தட்டைக் காலி செய்துவிட்டுக் கடைசியாகக் கேட்டது: "வாந்தி நிஜமாகவே வருமா, அக்கா?" வரும் என்றேன். இஞ்சி மிட்டாய் நிறையக் கொண்டுபோ, பச்சை ஆப்பிளும் தாங்கும், படுக்கையில் தலையைத் தாழ்த்தியே வை. மூன்றாம் நாள் எழுந்து நிற்பாய்.