திடீரென அணையும் கணினி: சோதனை நிரலா, பாகத்தை மாற்றிப் பார்ப்பதா?

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டு மேசைக்கணினி, சென்ற ஆண்டு சராசரியாக 3 நாளைக்கு ஒருமுறை திடீரென அணைந்து தானாகவே மீண்டும் கிளம்பிக்கொண்டிருந்தது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் (Event Log) கெர்னல்-பவர் 41 என்ற வரி மட்டுமே இருந்தது. கணினி முறையாக மூடப்படவில்லை என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்வதில்லையாதலால், பெயரில் 'பவர்' இருப்பதைக் கொண்டு பவர் சப்ளையை (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டியை) குற்றம் சாட்ட முடியாது.

முதல் வழி சோதனை நிரல். ரேம் எனும் நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ யுஎஸ்பியில் ஏற்றி இரவு முழுவதும் ஓடவிட்டால் போதும். செலவில்லை, பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். ரேமை அதன் இயல்பான வேகத்தில் வைத்துச் சோதிக்கும்போது ஒரே ஒரு பிழை தென்பட்டாலும் அதை அலட்சியம் செய்யக்கூடாது. ஆனால் அந்த நிரல் கிராபிக்ஸ் கார்டுக்கு வேலை கொடுப்பதில்லை; ஆகவே பவர் சப்ளையின் மீது முழுச் சுமை விழுவதேயில்லை. என் கணினி 4 சுற்றுகளையும் பிழையின்றிக் கடந்தது. மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரிலும் பவர் சப்ளையின் 12 வோல்ட் இணைப்பு, அனுமதிக்கப்பட்ட 11.4 முதல் 12.6 வரையான எல்லைக்குள் நல்ல பிள்ளையாகவே நின்றது. ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழும் மின்னழுத்தச் சரிவை அந்தக் கருவி காட்டாது.

நான் பரிந்துரைப்பது, பாகத்தை மாற்றிப் பார்க்கும் இரண்டாவது வழியை. மைத்துனர் தமது பவர் சப்ளையைச் சில வாரங்களுக்கு இரவல் தந்தார். (அதன் கேபிள்களையும் சேர்த்தே வாங்க வேண்டும், முனை பொருந்தினாலும் உள்ளிணைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், பழைய கேபிளைச் செருகினால் வன்தட்டு கருகிவிடலாம்.) இம்முறையில் அனைத்தையும் தீர்மானிப்பது காத்திருப்புதான். 3 நாளைக்கு ஒருமுறை வரும் கோளாறு, எதையும் மாற்றாவிட்டாலும்கூட 3 நாள் தற்செயலாக வராமல் இருப்பதற்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வாய்ப்பு உண்டு. 9 நாள் வராமல் இருப்பதற்கோ ஏறத்தாழ 5 விழுக்காடே. எனவே இரண்டாம் நாளே 'சரியாகிவிட்டது' என்று மகிழ்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். மேலும், ஒவ்வொரு முறையும் ஒரு பாகத்தை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் குணமானது என்பது தெரியாமலே போய்விடும்.

மடிக்கணினியில் இதை நான் முயன்றதில்லை. ரேம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால் முதல் வழியே கதி.

இரவல் பவர் சப்ளையுடன் 12 நாள் கணினி ஒருமுறையும் அணையவில்லை. ஆயினும் கேபிளைக் கழற்றி மாட்டியதிலேயே தளர்ந்திருந்த இணைப்பு ஒன்று இறுகியிருக்கக்கூடும் என்ற ஐயம் எஞ்சியது. டர்பனின் ஈரக் கடற்காற்றில் உலோக முனைகள் களிம்பேறுவது புதிதல்ல. ஆகவே பழையதையே மீண்டும் பொருத்தினேன். நான்காம் நாள் மாலை கணினி அணைந்தது. அதன் பிறகே புதியதை வாங்கினேன்.