எஃப்ஏஐ: பதினெட்டு கணினிக்கு ஒரு ராத்திரி, ஒரு பிரிண்டருக்கு மூன்று நாள்

ஹட்டனில் கணினி திருத்துகிற சின்னக் கடை என்னுடையது. போன ஆனி மாதம் டிக்கோயாப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் பதினெட்டு கணினி ஆயத்தம் பண்ணிக் கொடுக்க வேண்டி வந்தது. கொழும்பில் ஏதோ அலுவலகம் கழித்து ஒதுக்கியவை, லொறியில் வந்து இறங்கின. பதினைந்து 64 பிட், இப்போதைய வகை. மிச்சம் மூன்றும் பழைய 32 பிட் வகை மட்டுமே தெரிந்த கிழங்கள். ஒவ்வொன்றிலும் பென் டிரைவைச் செருகி உட்கார்ந்திருந்தால் மாதம் போய்விடும் என்று எஃப்ஏஐயை எடுத்தேன்.

லினக்ஸை ஆள் கை படாமல் நெட்வொர்க் வழியாகப் பல கணினிகளில் ஏற்றுகிற இலவச மென்பொருள் இது. ஜெர்மனியில் கோல்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோமஸ் லாங்கே 1999இல் தொடங்கியது, இன்றைக்கும் அவர்தான் முன்னால் நின்று பார்க்கிறார். விஷயம் முழுக்க 'கிளாஸ்' என்ற ஒன்றில் இருக்கிறது. இந்த மெஷின் இன்ன கிளாஸ் என்று முடிவானதும், அந்தக் கிளாஸின் பெயரில் இருக்கிற பட்டியல்களும் ஸ்கிரிப்டுகளும் தானாக அதன் மேல் ஓடும். தோட்டத்தில் காலையில் பிரட்டுக் களத்தில் ஆளைப் பிரித்து, நீ கொழுந்துக்கு, நீ கவ்வாத்துக்கு என்று அனுப்புகிற மாதிரிதான்.

சாதாரண டெஸ்க்டாப், தமிழ் சிங்கள எழுத்துருக்கள், கீபோர்ட், எழுதுகிற மென்பொருள், இவ்வளவோடு போயிருந்தால் எழுத ஒன்றுமே இல்லை, முதல் ராத்திரியே முடிந்தது. மாட்டிவிட்டது இரண்டு பழைய சாமான். ஒன்று, நிலையத்திலிருந்த லேசர் பிரிண்டர். அதைச் செய்த கம்பெனி கொடுத்த லினக்ஸ் டிரைவர் 32 பிட்டில் மட்டும்தான். மற்றது, செக்ரோல், அதாவது தோட்டத்தில் வேலைக்கு வந்த ஆள் கணக்கும் சம்பளக் கணக்கும் எழுதுகிற பதிவு, பழக்குகிற ஒரு விண்டோஸ் புரோகிராம். அதுவும் 32 பிட், விண்டோஸ் புரோகிராமை லினக்ஸில் ஓட்டுகிற வைன் என்ற மென்பொருளில்தான் ஓடும். முழுப் பேர் (முழு நாள் சம்பளம்), அரைப் பேர் (பாதி நாள் சம்பளம்), கொழுந்துக் கிலோ, ஈபிஎஃப் என்ற சேமலாப நிதிக் கழிவு எல்லாம் அதற்குள்தான். தோட்ட ஒபிஸில் கிளாக்கர் வேலைக்குப் போக நினைக்கிற பிள்ளைகள் அதில்தான் கை பழகுகிறார்கள். அதை விட முடியாது.

நான் ஏற்றியது டெபியன் என்ற லினக்ஸ் வகை. 64 பிட் டெபியனில் 32 பிட் லைப்ரரிகளையும், அதாவது 32 பிட் புரோகிராம்கள் ஓடத் தேவையான பொதுத் துணைக் கோப்புகளையும், பக்கத்திலேயே வைக்கலாம். 2013இல் வந்த டெபியன் 7இலிருந்து மல்டிஆர்ச் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதற்கு முன் ஐஏ32-லிப்ஸ் என்று ஒரே மூட்டையாகக் கட்டித் தருவார்கள், பெரிய தொல்லை. இப்போது ஐ386 (32 பிட்டுக்கு டெபியனில் உள்ள பெயர்) என்ற இன்னொரு ஆர்க்கிடெக்சரும் வேண்டும் என்று, பேக்கேஜ் என்கிற மென்பொருள் மூட்டைகளை ஏற்றுகிற டிபிகேஜியிடம் முதலில் சொல்ல வேண்டும், அடுத்து அவற்றை இறக்கித் தருகிற ஏப்டியின் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் ஐ386உம் போட்டு லைப்ரரியைக் கேட்கலாம். இந்த வரிசை மாறினால் ஒன்றும் கிடைக்காது.

நான் முதல் நாள் பெயர்களை மட்டும் பேக்கேஜ் பட்டியலில் எழுதிவிட்டு விட்டேன். எஃப்ஏஐ ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எல்லாக் கணினியும் அழகாக ரீபூட் ஆகி வந்தன. நிலையத்து மிஸ் வந்து பார்த்து, "அண்ணா, அவ்வளவுதானா? முடிஞ்சுதா?" என்றார். நானும் பெரிய ஆள் மாதிரித் தலையாட்டினேன். பிரிண்ட் கொடுத்தால் தாள் வரவில்லை. டிரைவரின் புரோகிராமைக் கையால் ஓட்டினேன், அப்படி ஒரு பைலே இல்லையாம். பைல் கண் முன்னால் இருக்கிறது, பெயரும் சரி, அனுமதியும் சரி. அரை மணித்தியாலம் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தேன். இல்லாதது அந்தப் புரோகிராம் இல்லை, அதைத் தூக்கி நிறுத்துகிற 32 பிட் லோடர். அது லிப்சி6 என்ற அடிப்படை லைப்ரரியின் 32 பிட் பேக்கேஜில்தான் வரும். நடந்ததையெல்லாம் எழுதி வைக்கிற லொக்கைத் திறந்தால் எஃப்ஏஐ முதலிலேயே எழுதி வைத்திருக்கிறது: தெரியாத பேக்கேஜ்கள், பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன் என்று. எச்சரிக்கைதான், பிழை இல்லை. நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவில் அதை யார் பார்க்கிறது? என் கணக்கில் எஃப்ஏஐக்கு அன்றைக்கு அரைப் பேர்தான். எனக்கு அதுவும் இல்லை.

இரண்டாம் நாள் ஹூக், அதாவது இடையில் ஓடுகிற சின்ன ஸ்கிரிப்ட், எழுதினேன். எஃப்ஏஐயின் வேலை ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஹூக்குக்கு அந்த வேலையின் பெயரை வைத்தால் வேலை தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஓடும். ஏப்டி பட்டியல் புதுப்பிக்கிற வேலை அப்டேட்பேஸ். அதன் பெயரில் ஒரு ஹூக் வைத்து, ஐ386ஐச் சேர்க்கிற கட்டளையை உள்ளே போட்டேன். ஏற்றிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது திரைக்குப் போய்க் கேட்டேன், ஐ386 இருக்கிறது என்றது. நிம்மதியாகப் போய் ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டேன்.

வந்து பார்த்தால் பழைய கதை.

நெட்வொர்க்கில் எழும்பி நிற்கிறது ஒரு தற்காலிக லினக்ஸ், அது ராமில்தான் எழுதும். உண்மையான வீடு டார்கெட் என்கிற அடைவில் கட்டப்படுகிறது. என் கட்டளை தற்காலிக வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, நான் கேட்டதும் அதே வீட்டில்தான். ரீபூட்டோடு எல்லாம் போச்சு. கட்டளைக்கு முன்னால் ரூட்சிஎம்டி என்ற மாறியைப் போட்டால்தான் புது வீட்டுக்குள் நுழைந்து வேலை செய்யும். ஒரே ஒரு சொல். வழிகாட்டியில் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறார்கள், நான்தான் அவசரத்தில் தாண்டிப் போயிருக்கிறேன். ஆனால் அந்த வழிகாட்டி ஆங்கிலத்தில், எல்லாம் தெரிந்தவருக்கு எழுதின மாதிரி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

வைனைப் பாருங்கள். 32 பிட் பாகம் இல்லாமல் திறந்தால், டெபியனின் வைன் இன்னது இல்லை, இந்தக் கட்டளைகளை இந்த வரிசையில் கொடு என்று திரையிலேயே எழுதிவிடுகிறது. மரியாதையான மென்பொருள்.

கிளாஸ் பெயரிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. எஃப்ஏஐயோடு வருகிற மாதிரி ஸ்கிரிப்ட் மெஷினின் சொந்த ஆர்க்கிடெக்சரையே பெரிய எழுத்தில் கிளாஸாக்கிவிடும். அதனால் ஐ386 என்ற கிளாஸ் என் மூன்று கிழங்களுக்குப் போய்விட்டது. 64 பிட் மெஷின்களின் கூடுதல் லைப்ரரிகளை அந்தப் பெயரில் எழுதினால் அந்த மெஷின்கள் கண்ணாலும் காணாது. வேறு பெயரில் தனிக் கிளாஸ் வைத்தேன். அந்த மூன்றுக்கும் லினக்ஸின் மையமான கர்னல் 64 பிட்டாக இருந்தால் எழும்பாது, அதனால் தற்காலிக லினக்ஸையும் இரண்டாகச் செய்ய வேண்டி வந்தது. மற்றக் கோப்பெல்லாம் பொதுதான்.

எங்கள் மாதிரி டேட்டாவை அளந்து செலவழிக்கிறவர்கள் இடையில் ஏப்டி-கேச்சர்-என்ஜி வைத்துக்கொள்ளுங்கள். முதல் மெஷின் இரவு டேட்டாவில் இறக்கியதை மற்றவை உள்ளேயே எடுத்துக்கொள்ளும். ஆனால் மல்டிஆர்ச்சில் ஒரே லைப்ரரியின் 64 பிட்டும் 32 பிட்டும் ஒரே பதிப்பாக இருந்தால்தான் சேர்ந்து இருக்கும், ஒரு புள்ளி மாறினாலும் ஏப்டி கையை விரித்துவிடும். டேட்டா மிச்சம் பிடிக்கப் பழைய சேமிப்பை வைத்து இழுத்ததில் 64க்குப் புதுசும் 32க்குப் பழசும் வந்து சண்டை போட்டன. அதில் ஒரு ராத்திரி போனது.

மூன்றாம் நாள் பின்னேரம் காற்றில் கரண்ட் போனது. பதினொரு மெஷின் பாதியில் நின்றன. கையால் ஏற்றிக்கொண்டிருந்தால் எது எங்கே நின்றது என்று தேடியே செத்திருப்பேன். கரண்ட் வந்ததும் திரும்ப நெட்வொர்க்கில் எழுப்பினேன், ஒரு பிளேன்டீ குடித்தேன், முதலிலிருந்து தானாக முடித்துவிட்டது. எனக்கு எஃப்ஏஐ பிடித்துப் போனது அந்த இடத்தில்தான். பிறகு வேறு ஒரு எழுத்துரு சேர்க்கச் சொன்னார்கள், சொஃப்ட்அப்டேட் என்ற வழியில், ஒன்றையும் அழிக்காமல் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்தது.

மூன்று நாலு மெஷினுக்கு இது வேண்டாம். டெபியனின் சொந்த இன்ஸ்டோலருக்கு ப்ரீசீட் கோப்பு, அதாவது அது கேட்கிற கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதி வைத்த கோப்பு, எழுதினால் போதும், அதில் மல்டிஆர்ச்சுக்கு ஐ386 என்று ஒரே வரி, வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும். இந்த விஷயத்தில் மட்டும் ப்ரீசீட்தான் மேல். பத்துக்கு மேல் போனால், மெஷின்கள் வெவ்வேறு சாதியாக இருந்தால், திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டி வரும் என்றால் எஃப்ஏஐ. பிழைத் தொகுப்பு லொக்கை முதல் மெஷினிலேயே திறந்து பார்க்கிற பழக்கம் உள்ளவருக்குப் பத்துக்கு எட்டு கொடுப்பேன். என் மாதிரி ஆளுக்கு ஆறு.

டெபியன் 12 போட்டதற்குக் காரணம் அந்த மூன்று கிழங்கள். 2025 ஆகஸ்டில் வந்த 13இல் 32 பிட் மெஷினுக்கு இன்ஸ்டோலரும் இல்லை, கர்னலும் இல்லை. ஐ386 இனி 64 பிட் மெஷினுக்குள் இப்படிப் பழைய புரோகிராம்களை ஓட்டுவதற்கு மட்டும்தான். மிஸ்ஸிடம் சொன்னேன். "அப்ப இதுல பிள்ளைகள் டைப்பிங் பழகட்டும் அண்ணா" என்று மூன்றையும் ஜன்னலோரமாக நகர்த்தி வைத்துவிட்டார்.