மன்னாரா, கிழக்குக் கரையா: கொழும்பிலிருந்து மூன்று நாளுக்கு எது தோது?

சிகிரியா, எல்ல, காலி எல்லாம் பார்த்து முடித்த கொழும்புக் குடும்பங்கள் அடுத்த நீண்ட விடுமுறைக்குக் காரை எடுக்கும்போது வந்து நிற்கும் சந்தி இது. வடமேற்கே சிலாபம், புத்தளம் தாண்டி மன்னார் வரை போவதா? இல்லை, திருகோணமலைக்குப் போய் மட்டக்களப்பு, பொத்துவில் என்று கரையோரமாகவே சுற்றித் திரும்புவதா? பழைய கோயில், இடிந்த கோட்டை, ஆளில்லாத கரை மூன்றும் இரண்டு பக்கமும் உண்டு. நாங்கள் தெரிந்தெடுத்தது மன்னார். ஆகவே இந்த அலசலில் அந்தப் பக்கம் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும்.

எரிபொருளை வைத்து முடிவெடுக்காதீர்கள். மன்னார் போய்ச் சுற்றி வர ஏறக்குறைய 800 கிலோமீற்றர், கிழக்கு வட்டம் 950 அளவில். லீற்றருக்கு 18 ஓடும் ஹைபிரிட் கார் என்றால் எட்டு, ஒன்பது லீற்றர்தான் வித்தியாசம். சாப்பாடு இரண்டு பக்கமும் குறைவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் சிலாவத்துறையிலும் காத்தான்குடியிலும் கடை பூட்டியிருக்கும், அதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். கடல் குளிப்பில் கிழக்குக்கு மறுபேச்சே இல்லை. நிலாவெளியும் பாசிக்குடாவும் எங்கே, காலை வைத்தால் சேறு ஏறும் மன்னார்க் கரை எங்கே! பிள்ளைகள் குளிக்கத்தான் வருகிறார்கள் என்றால் இதற்கு மேல் வாசிக்கத் தேவையில்லை, கிழக்கே போங்கள்.

முடிவைத் தீர்மானிப்பது பகல் வெளிச்சம். இந்த நாட்டில் விடிய ஆறு மணியிலிருந்து பின்னேரம் ஆறு மணிவரை பன்னிரண்டு மணித்தியாலம் கிடைக்கும். அதில் எவ்வளவு ஸ்டியரிங்கில் போகிறது, எவ்வளவு இடம் பார்க்கக் கிடைக்கிறது என்று கணக்குப் பாருங்கள். இருட்டின பிறகு ஓடிச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் இந்தப் பாதைகளில் சரிவராது. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில், பொத்துவிலிலிருந்து திரும்பும்போது லகுகலையில், புத்தளம்–அனுராதபுரம் வீதியில் கருவலகஸ்வெவப் பக்கம், எல்லா இடமும் யானை வீதிக்கு ஏறும். மாலை ஐந்தரைக்குப் பிறகும் விடிய ஆறரைக்கு முன்னும் அந்தத் துண்டுகளில் இருக்கக்கூடாது.

கிழக்கு வட்டத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். முதல் நாள் மீரிகம–குருநாகல் அதிவேகப் பாதையைப் பிடித்தாலும் திருகோணமலைக்கு ஆறு மணித்தியாலம். இரண்டாம் நாள் திரியாய்க்குப் போனால் வடக்கே 45 கிலோமீற்றர், அதே வழியால் திரும்ப வேண்டும். பிறகு ஏ15 வீதியால் மட்டக்களப்புக்கு இன்னும் 130. மூன்றாம் நாள் பொத்துவில். மூன்று நாளில் முடியாது: நாலாம் நாள்தான் கொழும்புக்கு 320 கிலோமீற்றர், எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாது. ஒவ்வொரு இரவும் புதுக் கட்டில், ஒவ்வொரு காலையும் பெட்டி கட்டுதல். முன்பு ஃபெரியில் ஏறிக் கடந்த துறைகளுக்குப் பாலம் வந்தபின் (கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது, 396 மீற்றர்) ஏ15 சுகமான ஓட்டம்தான். சுகமாக ஓடினாலும் தூரம் தூரம்தானே.

மன்னாரில் முதல் நாள் மட்டும் கடினம். வெள்ளவத்தையிலிருந்து விடிய நாலரைக்கு வெளிக்கிட்டால் பேலியகொடையில் கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஏறி ஐந்தேகாலுக்கு இறங்கலாம். அங்கிருந்து சிலாபம் வரைதான் இடைஞ்சல்: கொச்சிக்கடை, வென்னப்புவ, மாரவில, மாதம்பை என்று ஊர் விட்டால் ஊர். பாடசாலை வான்கள் வீதிக்கு வருமுன் அதைத் தாண்டிவிட வேண்டும். ஆறரைக்கு முன்னேஸ்வரத்தில் காலைப் பூசை பார்த்து, எட்டேகாலுக்குப் புத்தளம், பத்து மணிக்குள் அனுராதபுரம், மதவாச்சியில் இடப்பக்கம் ஏ14இல் திரும்பி, மத்தியானச் சாப்பாட்டுக்கு மன்னார். மொத்தம் 315 கிலோமீற்றர் அளவு. வழியில் பாலாவியில் கல்பிட்டிக்குத் திரும்ப ஆசை வரும். டச்சுக்காரர் கட்டிய கோட்டை அங்கே இருக்கிறது, ஆனால் போக 40, வர 40; அந்த இரண்டு மணித்தியாலம் பின்னேரத்திலிருந்துதான் கழியும். கல்பிட்டியைத் தனி வார இறுதிக்கு வையுங்கள்.

இன்னொரு பொறி வரைபடத்தில் இருக்கிறது. புத்தளத்திலிருந்து எழுவன்குளம் வழியாகச் சிலாவத்துறைக்கு நேர்கோடு போல ஒரு பாதை தெரியும். அது வில்பத்து வனப் பூங்காவுக்குள்ளால் போகும் பழைய மன்னார்ப் பாதை. கலா ஓயாவைச் சப்பாத்துப் பாலத்தால் கடக்க வேண்டும், மழை பெய்தால் அது தண்ணீருக்குள் போய்விடும். மிச்சம் பிடிக்கும் தூரத்தைப் பார்த்து அதில் இறங்காதீர்கள், அனுராதபுரம் சுற்றியே போங்கள்.

மன்னார் போய்ச் சேர்ந்தபின் இரண்டு இரவும் ஒரே அறை. பார்க்க வேண்டிய எல்லாமே நகரிலிருந்து 35 கிலோமீற்றருக்குள் கிடக்கிறது. முதல் நாள் வெயில் தணிய நாலு மணிக்குத் திருக்கேதீச்சரம். மத்தியானப் பூசையோடு நடை சாத்தினால் பின்னேரம்தான் திறப்பார்கள், ஆகவே வரும் வழியிலேயே பார்த்துவிடலாம் என்று பன்னிரண்டரைக்குப் போய் நிற்க வேண்டாம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். கோயிலை நின்று பார்க்கும் பலர் சுற்றியுள்ள மாந்தை மேட்டைப் பார்க்காமல் வந்துவிடுகிறார்கள். அனுராதபுர காலத்தின் பெரிய துறைமுகம், மாதோட்டம், அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறது. திரும்பும்போது மன்னார்க் கோட்டை. 1560இல் போர்த்துக்கேயர் கட்டி 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது, நாலு கொத்தளம், உள்ளே கூரையில்லாத தேவாலயம். பள்ளிமுனைப் பெருக்க (பாவோபாப்) மரத்துக்குப் பத்து நிமிடம் போதும். அடிமரம் 19 மீற்றருக்கு மேல் சுற்றளவு, ஒருவர் பக்கத்தில் நின்றால்தான் படத்தில் அளவு தெரியும்.

இரண்டாம் நாள் விடியத் தலைமன்னார். பழைய இறங்குதுறையும் வெளிச்சவீடும் காலை வெயிலில்தான் அழகு. தனுஷ்கோடிக் கப்பல் 1914இலிருந்து 1964 புயல்வரை ஓடிய துறை இது. பின்னேரம் வங்காலைப் பக்கமாக அரிப்பு என்ற ஊருக்கு. ஆங்கிலேயரின் முதல் ஆளுநர் ஃபிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கட்டிய மாளிகை அங்கே இடிந்து நிற்கிறது, ஊரார் அல்லிராணிக் கோட்டை என்பார்கள். செங்கல்லின் மேல் பூசிய சிப்பிச் சுண்ணாம்பு இன்னும் சில தூணில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விரலால் தடவினால் வழவழப்பு, ஒரு சாண் தள்ளி உப்புக் காற்றில் செங்கல் மாவாக உதிர்கிறது. அடியில் கடல் மண்மேட்டை அரித்துக்கொண்டே வருவதால் விளிம்பிலிருந்து நாலைந்து மீற்றர் தள்ளி நில்லுங்கள், மழைக்குச் சுவர் ஓரம் ஒதுங்காதீர்கள். மேற்குப் பார்த்த கட்டடம், ஐந்து மணிக்குப் பிறகுதான் நிறம் வரும். சூரியன் விழுந்ததும் புறப்படுங்கள். இங்கே தொல்லை யானையல்ல, தார்ச் சூட்டுக்கு வீதியில் படுத்திருக்கும் மாடு. நகருக்குக் கிட்ட வந்தால் கழுதை.

காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டொயோட்டா அக்வா போன்ற ஹைபிரிட் கார்களுக்கு நிலத்திலிருந்து உயரம் சுமார் 140 மில்லிமீற்றர், ஐந்து பேர் ஏறினால் இன்னும் தாழும். கிரவல் வரை போகும், மணலில் இறக்கக்கூடாது. பின்சீட்டின் பக்கத்தில் ஹைபிரிட் பற்றரிக்குக் காற்று இழுக்கும் ஓட்டை இருக்கிறது. அதன் மேல் பையைச் சாத்தினால் மன்னார் வெயிலில் பற்றரி சூடேறி எச்சரிக்கை விளக்கு எரியும். மன்னார்த் தீவில் நிழல் என்று உடை மரத்தடியில் நிறுத்துவார்கள். அதன் முள் ரயரில் ஏறினால் உடனே தெரியாது, அடுத்த நாள் காலையில்தான் ரயர் காற்றுப் போய் இருந்திருக்கும். பல அக்வாக்களில் ஸ்பெயார் வீல் இல்லை, ரிப்பேர் கிட் மட்டும்தான். முள்ளோட்டைக்கு அது போதும், பக்கச் சுவர் கிழிந்தால் உதவாது. புறப்படுமுன் டிக்கியைத் திறந்து பாருங்கள்.

காலம் மாறினால் என் தீர்ப்பும் மாறும். மன்னாருக்கு ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை: மழை ஓய்ந்திருக்கும், வங்காலை நீர்ப்பரப்பில் வலசைப் பறவைகள் நிற்கும், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரையும். கட்டுக்கரைக் குளமும் நிரம்பிக் கிடக்கும். மே முதல் செப்டெம்பர் வரை அங்கே காற்று முகத்தில் மணலை அடிக்கும். சும்மாவா தீவின் தென்கரையில் வரிசையாகக் காற்றாலை நட்டார்கள்? அந்த மாதங்களில் கிழக்கே கடல் குளம் மாதிரி.

அப்போதும் முழு வட்டம் வேண்டாம். திருகோணமலையிலேயே இரண்டு இரவு தங்கி, ஒரு காலை முழுவதையும் வடக்குக்குக் கொடுங்கள்: குச்சவெளியில் கடலுக்குள் நீளும் பாறை, பிறகு திரியாய் மலையில் கற்றூண் சூழ்ந்த வட்டதாகே (தூபியைச் சுற்றிய வட்டக் கட்டடம்). அங்கே சப்பாத்தைக் கழற்ற வேண்டும், ஒன்பது மணிக்குப் பிறகு கல் காலைச் சுடும், தடித்த காலுறை கொண்டுபோனால் தப்பலாம். பொத்துவிலுக்குத் தெற்கே பாணமை தாண்டி ஒகந்தை முருகன் கோயில் வரை கிரவல் பாதை. அந்தப் பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு, ஆகவே சின்னக் காரில் போகலாம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பாணமையில் விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

மன்னாரிலிருந்து திரும்பும் நாளில் மடு மாதா கோயிலைச் சேர்க்கலாம், மடு வீதிச் சந்தியிலிருந்து காட்டுப் பாதையில் சிறிது தூரம்தான். காலை ஆறரைக்குப் புறப்பட்டால் அதைப் பார்த்தும் மதியத்துக்குள் புத்தளம் தாண்டலாம். ஆகஸ்ட் 15 திருவிழாவை ஒட்டிய வாரத்தில் மட்டும் இந்தத் திட்டத்தைத் தொடாதீர்கள். மன்னாரில் அறை கிடைக்காது, ஏ14 முழுக்க யாத்திரை பஸ்கள்.