பென் டிரைவில் பப்பி லினக்ஸ்: சில ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு

ஹார்ட் டிஸ்க் செத்துப்போன பழைய லேப்டாப் ஒன்றில், 8 ஜிபி பென் டிரைவிலிருந்து பப்பி லினக்ஸ் என்ற சிறிய, இலவச இயங்குதளத்தை ஓட்டி, சில ஆண்டுகளாக அன்றாட வேலைகளைச் செய்துவருகிறேன். தமிழ்த் தட்டச்சு, மெய்ப்புத் திருத்தம், மின்னஞ்சல், கொஞ்சம் இணையம், பிடிஎஃப் கோப்புகளைப் பிரிப்பது, சேர்ப்பது. என் வேலை இவ்வளவுதான். வீடியோ எடிட்டிங், கேம் என்று தேடுகிறவர்களுக்கு இது உதவாது. வீட்டில் பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது என்பவர்களுக்காகவே எழுதுகிறேன். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10 ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத எத்தனையோ கணினிகள் நல்ல நிலையிலேயே பரணுக்குப் போகின்றன. அதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

என்னுடையது இரண்டு கோர் கொண்ட சாதாரண லேப்டாப், 2 ஜிபி ரேம். முதலில் போட்டது 2020-இல் வெளியான ஃபோஸாபப் 9.5 என்ற பப்பி பதிப்பு. உபுண்டு 20.04 என்ற லினக்ஸின் பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) கொண்டு கட்டியது, ஐஎஸ்ஓ, அதாவது இறக்கிக்கொள்ளும் கோப்பின் அளவு 409 எம்பி. அதற்குள்ளேயே பிரவுசர், மின்னஞ்சல் செயலி, பாட்டு கேட்க, படம் பார்க்க, டிஸ்க்கைப் பிரிக்க என்று வேண்டியதெல்லாம் இருந்தது. பப்பி என்பது ஒரே ஒரு டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) இல்லை, ஒரு குடும்பம் என்று சொல்வதுதான் சரி. ஆஸ்திரேலியாவின் பேரி காலர் 2003-இல் தொடங்கியது. 2013-இல் அவர் பொறுப்பிலிருந்து விலகிய பிறகும் ஆர்வலர்கள் ஆளுக்கொரு பதிப்பாகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். உபுண்டு, டெபியன், ஸ்லாக்வேர் என்று ஒவ்வொன்றுக்கும் அடித்தளம் வேறு. ஆனால் ஓடும் விதம் எல்லாவற்றுக்கும் பொது. நான் பப்பியிலேயே தங்கிவிட்டதற்குக் காரணம் அந்த ஓடும் விதம்தான்.

வழக்கமான டிஸ்ட்ரோ ஒன்றை பென் டிரைவில் முழுசாக நிறுவிப் பார்த்தவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். பூட் ஆகிவிடும், டெஸ்க்டாப்பும் வந்துவிடும். பிரவுசரைத் திறந்ததும் மவுஸ் அப்படியே நின்றுவிடும். பதிவுக் குறிப்புகள், பிரவுசர் தற்காலிகக் கோப்புகள், அப்டேட் என்று சின்னச் சின்னதாக எதையாவது டிரைவில் எழுதிக்கொண்டே இருப்பதுதான் இதற்குக் காரணம். மலிவான பென் டிரைவ் பெரிய கோப்பு ஒன்றை ஒரே மூச்சில் எழுதிவிடும். துண்டு துண்டாக நூறு இடத்தில் எழுதச் சொன்னால் திணறும். போதாக்குறைக்கு ஃபிளாஷ் நினைவகத்தை இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்ற வரம்பும் இருக்கிறது. நாள் முழுக்க எழுதிக்கொண்டிருந்தால் டிரைவின் ஆயுள் சீக்கிரம் கரைந்துவிடும்.

பப்பி இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. பென் டிரைவில் இருப்பவை விரல் விட்டு எண்ணக்கூடிய சில கோப்புகள் மட்டுமே. கெர்னல் என்ற மையக் கோப்பு ஒன்று, இனிட்ஆர்டி என்ற தொடக்கக் கோப்பு ஒன்று, மொத்த இயங்குதளத்தையும் சுருக்கி அடைத்த எஸ்எஃப்எஸ் கோப்பு ஒன்று, டிரைவர்களுக்கும் ஃபர்ம்வேருக்கும் ஓரிரண்டு. பூட் ஆகும்போது அந்த எஸ்எஃப்எஸ் அப்படியே ரேமுக்குப் போய்விடுகிறது. அதில் எதையும் எழுத முடியாது. அதன் மேல் ரேமிலேயே இன்னொரு அடுக்கு விரிகிறது. நாம் செய்யும் மாற்றம் ஒவ்வொன்றும் அந்த மேல் அடுக்கில்தான் விழும். இரண்டுக்கும் நடுவில் நம்முடைய சேமிப்புக் கோப்பு இருக்கும். போன முறை வரை செய்த அமைப்புகள் எல்லாம் அதில். மேல் அடுக்கில் சேர்ந்ததை இந்தக் கோப்புக்கு இறக்கும்போது மட்டும்தான் பென் டிரைவில் எதையும் எழுதும்.

யுஎஸ்பி 2.0 துளையில் செருகினால் ரேமுக்கு ஏற்ற ஏறக்குறைய 20 வினாடி பிடிக்கும். டெஸ்க்டாப் வருவதற்கு ஒரு நிமிடத்தை ஒட்டி ஆகும். அதற்கப்புறம் அந்தப் பழைய லேப்டாப்பா இது என்று நம்ப முடியாது. ஃபோல்டரைக் கிளிக் செய்தால் விரல் எடுப்பதற்குள் திறக்கும், ஏனென்றால் படிப்பதெல்லாம் ரேமிலிருந்து. ஜேடபிள்யூஎம் என்ற சாளர மேலாளரும் ராக்ஸ் என்ற கோப்பு மேலாளரும் பார்க்கப் பழைய பாணிதான். எனக்கு அதில் குறை இல்லை.

டெஸ்க்டாப்பில் 'சேவ்' என்று ஒரு ஐகான் இருக்கும். அதைக் கிளிக் செய்தால் மேல் அடுக்கில் உள்ளது சேமிப்புக் கோப்புக்கு இறங்கும். கிளிக் செய்யாவிட்டாலும் 30 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே இறங்கும் என்பதுதான் இயல்பான அமைப்பு. ஈவண்ட் மேனேஜர் என்ற அமைப்புச் செயலியில் அந்த எண்ணை 0 என்று மாற்றினால் தானாக இறங்குவது நின்றுவிடும். நான் 0-தான் வைத்திருக்கிறேன். புதிதாக எதையாவது நிறுவிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால், சேமிக்காமல் மறுபடி பூட் செய்தால் போதும், அது வந்த சுவடே இருக்காது. பழகிய பிறகு இந்தச் சுதந்திரத்தை விட்டுவிட மனம் வராது.

இதற்கு ஒரு விலையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். என் லேப்டாப்பில் பேட்டரி போய்விட்டது, நேரடி மின்சாரத்தில்தான் ஓடுகிறது. கரண்ட் போனால் கடைசியாகச் சேமித்ததற்குப் பிறகு ரேமில் சேர்ந்ததெல்லாம் போச்சு. அதனால் ஆவணங்களை நான் அந்த அடுக்குகளுக்குள் வைப்பதே இல்லை. பப்பியில் '/எம்என்டி/ஹோம்' என்று ஒரு பாதை இருக்கிறது. சேமிப்புக் கோப்பு உட்கார்ந்திருக்கும் அந்தப் பார்ட்டிஷனையே (டிரைவின் அந்தப் பகுதியையே) அது காட்டும். அதில் ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே சேமித்தால் கோப்பு நேராக பென் டிரைவுக்குப் போய்விடும். புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிட வேண்டும். சேமிப்புக் கோப்பும் வீங்காது, திடீரென்று அணைந்தாலும் எழுதியது இருக்கும். பிரவுசரின் தற்காலிகக் கோப்புகளையும் '/டெம்ப்' பக்கம் திருப்பிவிடுங்கள். அது ரேமில் மட்டும் இருப்பது, சேமிப்பில் சேராது. இதைச் செய்யாத ஒருவரின் 512 எம்பி சேமிப்புக் கோப்பு வெறும் பிரவுசர் குப்பையாலேயே நிரம்பிக்கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நான் முதலில் பயன்படுத்திய பென் டிரைவ் ஒருநாள் வேலைக்கு நடுவிலேயே செத்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. 'சேவ்' கிளிக் செய்தேன், எழுத முடியவில்லை என்று செய்தி வந்தது. இப்படிப்பட்ட டிரைவ்கள் பல நேரம் உள்ளிருக்கும் கன்ட்ரோலர் எழுதுவதைத் தடுத்துவிடுவதால் போகும். படிக்க முடியும், எழுத முடியாது. ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் இயங்குதளம் என்றால் அந்த நேரம் திரை உறைந்திருக்கும். இங்கே எதுவும் ஆகவில்லை. லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் திருத்திக்கொண்டிருந்த கோப்பு திறந்தபடியே இருந்தது, இணையமும் ஓடியது. இன்னொரு பென் டிரைவைச் செருகி அந்தக் கோப்பை அதில் சேமித்தேன். பிறகு சேமிப்பைத் தொடாமல் ரேமில் மட்டும் ஓடும் தேர்வில் பூட் செய்து, பழைய டிரைவிலிருந்த கெர்னல், எஸ்எஃப்எஸ், சேமிப்புக் கோப்பு எல்லாவற்றையும் புதியதற்கு நகலெடுத்து, பூட் லோடரை (கணினியைத் தொடங்கிவைக்கும் நிரலை) போட்டேன். முன்பிருந்த எழுத்துரு, விசைப்பலகை, வைஃபை கடவுச்சொல் எல்லாம் அப்படியே வந்துவிட்டன. மொத்த கணினியுமே நாலைந்து கோப்புகள் என்பதன் அருமை அன்றுதான் முழுசாகப் புரிந்தது. இப்போது வாரக்கடைசியில் சேமிப்புக் கோப்பின் நகல் ஒன்றை வேறொரு டிரைவில் போட்டு வைக்கிறேன்.

ரேம் விஷயத்துக்கு வருகிறேன், பழைய கணினி வைத்திருப்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். இயங்குதளம் மட்டும் என்றால் 2 ஜிபி தாராளம். இன்றைய இணையம்தான் பிரச்சினை. வரைபடம், வீடியோ, மின்னஞ்சல் என்று நாலு டேப் திறந்தால் மூச்சு முட்டும். ரேமின் ஒரு பங்கை எஸ்எஃப்எஸ் கோப்பே பிடித்துக்கொண்டிருப்பதும் சேர்ந்துகொள்ளும். பூட் வரியில் 'பிஃபிக்ஸ்=நோகாப்பி' என்று சேர்த்தால் அது ரேமுக்கு ஏறாமல் டிரைவிலேயே இருக்கும். பிரவுசருக்கு இடம் கிடைக்கும், ஆனால் செயலிகள் முதல் முறை திறக்கத் தாமதமாகும். சில மாதம் அப்படி ஓட்டினேன். அப்புறம் சென்னை ரிச்சி தெருவில் பழைய டிடிஆர்3 ரேம் ஒன்று வாங்கி 4 ஜிபி ஆக்கியதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. பப்பியை ரசித்து ஓட்ட 4 ஜிபி வேண்டும் என்பது என் கருத்து. 2 ஜிபி போதும் என்று சொல்பவர்கள் பிரவுசரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

தமிழுக்கு வருவோம். முதல் பூட்டில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. லோஹித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை எடுத்து எழுத்துரு ஃபோல்டரில் போட்டு, எழுத்துருப் பட்டியலைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுச் செயலியும் எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பும் நிறுவினேன். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி முறை எல்லாம் அதில் இருக்கின்றன. நான் தமிழ்99 ஆள். 'அம்மா' என்று அடிக்க முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழுவது உட்பட எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. எழுதுவதற்கு லிப்ரே ஆபீஸ். அதை நிறுவவில்லை, தனி எஸ்எஃப்எஸ் கோப்பாக ஏற்றிக்கொள்கிறேன். தேவைப்படும்போது ஏற்றலாம், இறக்கலாம், சேமிப்புக் கோப்பில் இடமே பிடிக்காது. மெனுக்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. பப்பிக்குத் தமிழ் இடைமுகம் முழுமையாகச் செய்ய யாராவது முன்வந்தால் நன்றாக இருக்கும், கூட வேலை செய்ய நான் தயார்.

பப்பியைப் பற்றிப் பேச்சு வந்தாலே எழும் ஆட்சேபம், எல்லாமே ரூட் பயனராக (முழு அதிகாரம் கொண்டவராக) ஓடுகிறது என்பது. நியாயமான ஆட்சேபம்தான். அதற்காக 'ஸ்பாட்' என்று அதிகாரம் குறைந்த ஒரு பயனர் உள்ளேயே இருக்கிறார். பிரவுசரை அந்தப் பெயரில்தான் ஓட்ட வேண்டும். குரோமியம் வகைப் பிரவுசர்கள் ரூட்டாக ஓட எப்படியும் மறுத்துவிடும். வங்கி வேலைக்கு நான் இன்னும் ஒரு படி மேலே போகிறேன். சேமிப்பை ஒதுக்கிவிட்டு ரேமில் மட்டும் பூட் செய்து, வேலையை முடித்து, சேமிக்காமல் அணைத்துவிடுவேன். அந்த நிலையில் பூட் ஆன பிறகு பென் டிரைவை உருவிக்கூட எடுத்துவிடலாம். சேமிப்புக் கோப்போடு ஓடும்போது மட்டும் உருவக் கூடாது.

அக்கம்பக்கத்தில் யாருடைய விண்டோஸாவது எழ மறுத்தால் இந்த பென் டிரைவோடுதான் போவேன். திரையின் அடியில் டிரைவ்கள் எல்லாம் ஐகான்களாக வரிசையாக நிற்கும். கிளிக் செய்தால்தான் திறக்கும், தானாக எதையும் தொடாது. சாகக் கிடக்கும் டிஸ்க்கிலிருந்து குழந்தை படங்களை மீட்கும்போது இது முக்கியம். விண்டோஸை ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற அரைத்தூக்க வசதியோடு அணைத்திருந்தால் படிக்க மட்டும் விடும், அது போதும். பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு போட்ட டிஸ்க் என்றால் மீட்புச் சாவி இல்லாமல் ஒன்றும் நடக்காது. புதிய லேப்டாப்களில் இது அடிக்கடி குறுக்கே வருகிறது.

பாதுகாப்புத் திருத்தங்கள் பப்பியின் பலவீனம் என்பேன். ஃபோஸாபப்புக்கு அடித்தளமான உபுண்டு 20.04-இன் வழக்கமான ஆதரவு 2025-இல் முடிந்தது. அதனால் டெபியன் 12 மேல் கட்டிய புக்வர்ம்பப்புக்கு மாறிவிட்டேன். இதில் பொதிகளை நிறுவும் கருவிகளான ஏப்ட்டும் சினாப்டிக்கும் இருக்கின்றன, டெபியன் களஞ்சியத்திலிருந்து நேராகப் பொதிகள் வரும். டெபியன் 12-க்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு உண்டு. பழைய சேமிப்புக் கோப்பைப் புதிய பதிப்பில் ஏற்ற முடியாது, புதிதாகத்தான் அமைக்க வேண்டும். எனக்கு ஒரு மாலை நேரம் போனது. அளவிலும் இது ஃபோஸாபப்பைவிடப் பெரிது. ஆனாலும் பிரவுசர் புதிதாக இருப்பதற்காகவே மாறலாம்.

வேறு சில சிறிய லினக்ஸ்களையும் ஓட்டிப் பார்த்தேன். டைனி கோர் வியக்கவைக்கும் அளவுக்குச் சிறியது, ஆனால் வைஃபை வேண்டுமென்றால் அதற்கான பொதியை வேறு கணினியில் இறக்கிக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆன்டிஎக்ஸ் நல்ல முழுமையான அமைப்பு. பழைய கணினியில் ஹார்ட் டிஸ்க் நன்றாக இருந்தால் நான் அதைத்தான் போடுவேன்.

புதிதாகத் தொடங்குபவர் ஐஎஸ்ஓவை அப்படியே பென் டிரைவில் எழுதினால் பூட் ஆகும், ஆனால் அந்தப் பார்ட்டிஷனில் சேமிக்க இடம் இருக்காது. முதலில் அப்படி பூட் செய்து, உள்ளே இருக்கும் ஸ்டிக்பப் கருவியைக் கொண்டு இன்னொரு பென் டிரைவில் முறையாகப் போட்டுக்கொள்ளுங்கள். பூட் செய்ய ஒரு சிறிய ஃபேட்32 பார்ட்டிஷனும் சேமிப்புக்கு ஒரு ஈஎக்ஸ்டி4 பார்ட்டிஷனும் இருந்தால் நல்லது. ஈஎக்ஸ்டி4 என்றால் ஒரே கோப்பாக இல்லாமல் ஃபோல்டராகவே சேமிக்கலாம், அளவு கட்டுப்பாடும் இருக்காது. யுஇஎஃப்ஐ (புதிய தொடக்க முறை) கணினி என்றால் 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு அமைப்பை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். 32 பிட் மட்டும் ஏற்கும் கணினி என்றால் அதற்கும் புக்வர்ம்பப்பில் தனிப் பதிப்பு இருக்கிறது.