முதுகைப் பார்த்துத் தோள்வலிக்கு வைத்தியம் செய்யும் கிளினிக்

எனக்கு மதுரையில் பெயிண்டிங் கான்ட்ராக்ட் வேலை. சீலிங்குக்குப் பட்டி பார்ப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, ரோலர் ஓட்டுவது என்று பாதி நாள் கை தலைக்கு மேலேதான் இருக்கும். பொங்கல் சீசன் முடிந்ததும் வலது தோளில் வலி தங்கிவிட்டது. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பாதியில் சுருக்கென்று குத்தும். ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. முதலில் போன வேறொரு இடத்தில் கரண்ட் வைத்து, ஒத்தடம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வீடு வந்து சேரும்வரை சுகமாக இருக்கும், அவ்வளவுதான்.

இந்த பிசியோதெரபி கிளினிக்கில் நடத்தியது வேறு மாதிரி. டாக்டரம்மா வலிக்கிற இடத்துக்கு வரவே இல்லை. "சட்டையைக் கழட்டிட்டு அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கண்ணே" என்றார். இரண்டு கையிலும் சின்ன டம்பெல் கொடுத்து, மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்கச் சொன்னார். பின்னாலிருந்து என் போனிலேயே வீடியோ எடுத்துக் காட்டினார். ஏறும்போது இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இறங்கும்போது வலது தோள்பட்டை எலும்பின் உள்ஓரம் முதுகை விட்டுத் துருத்திக்கொண்டு வெளியே வருகிறது. என் முதுகை நானே அப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன்.

அடுத்து செய்தது இன்னும் முக்கியம். நான் கையைத் தூக்கத் தூக்க, அந்த எலும்பின் கீழ்முனையில் தன் கையை வைத்து வெளிப்பக்கமாக மேலே தள்ளிக்கொடுத்தார். வழக்கமாகக் குத்துகிற இடத்தை, பாதி வலிகூட இல்லாமல் கை தாண்டிப் போனது. காரணத்தையும் சொன்னார். கை முழுசாக 180 டிகிரி மேலே போவதில் சுமார் 120 டிகிரியைத் தோள்மூட்டு தருகிறதாம். மிச்சம் 60 டிகிரி, தோள்பட்டை எலும்பு முதுகில் சுழல்வதால் வருகிறது. அந்த எலும்பைக் காறை எலும்பு ஒரு பக்கம் பிடித்திருக்கிறது, மற்றபடி தாங்குவதெல்லாம் தசைதான். சாரம் ஆடினால் மேலே நிற்பவன் கை நேராக ஓடாது என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும், அதனால் எனக்கு உடனே புரிந்துவிட்டது.

பலத்தையும் கண்மதிப்பில் சொல்லவில்லை. உள்ளங்கையில் அடங்கும் டைனமோமீட்டர் என்ற பலம் அளக்கும் கருவியை வைத்து அழுத்தச் சொல்லி, இடது வலது இரண்டையும் எழுதிக்கொண்டார். விலாவை ஒட்டியிருக்கும் செராட்டஸ் தசையும், கழுத்திலிருந்து நடுமுதுகுவரை பரவியிருக்கும் டிரபீசியஸ் தசையின் கீழ்ப்பகுதியும் வலதில் பலம் நன்றாகவே குறைவு. கழுத்தை ஒட்டிய மேல்பகுதிதான் இழுத்துப்பிடித்து வேலை செய்துகொண்டிருந்தது.

அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது இன்னொரு காரணத்தால். "எலும்பு இப்படித் துருத்துறது வலியே இல்லாத ஆளுங்களுக்கும் இருக்கும்ணே, இது மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். பலத்தை ஏத்துவோம், வலி குறையுதான்னு பார்ப்போம்" என்றார். ஆபரேஷன் பண்ணிவிடலாமா என்று கேட்டேன். தோள்மூட்டுக்கு மேலே எலும்பைச் செதுக்கும் ஆபரேஷனை, வெறுமனே கேமரா விட்டுப் பார்த்து முடித்ததோடு ஒப்பிட்டு 2018-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இங்கிலாந்து ஆய்வு வந்திருக்கிறது, பெரிய வித்தியாசம் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். பயமுறுத்தி காசு பார்க்காத இடம் இது.

பயிற்சியில் பகட்டு எதுவும் கிடையாது. சுவரில் கை ஊன்றித் தள்ளி, கடைசியில் முதுகை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளுவது. முன்கையைச் சுவரில் வைத்து மேலே வழுக்கிக்கொண்டு போவது. ரப்பர் பேண்டைக் கதவில் மாட்டிப் பின்னால் இழுப்பது. பேண்ட் மஞ்சளில் ஆரம்பித்து, சிவப்பு தாண்டி, இப்போது பச்சை. பேண்ட் தயாரிக்கும் தெராபேண்ட் கம்பெனியின் கணக்கில் இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் மஞ்சள் சுமார் 1.3 கிலோ, பச்சை 2.1 கிலோ. கேட்கக் குறைவாகத் தெரியும். மெதுவாக இறக்கிப் பாருங்கள், முதுகு நடுங்கும். வலி பத்துக்கு நாலைத் தாண்டினால் நிறுத்தச் சொன்னார். வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. ரோலருக்கு நீளக் கம்பு மாட்டி, முழங்கை தோளுக்குக் கீழே இருக்கும்படி அடிக்கச் சொன்னார். இது எனக்குப் பெரிய உதவி, ஏனென்றால் கூலி நின்றால் வீடு ஓடாது.

முதல் சில வாரம் பெரிசாக ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தூக்கம் சரியானது, கை முழுசாக ஏறியது. மறுபடி அளந்தபோது வலது, இடதுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால் புது வீடியோவிலும் எலும்பு கொஞ்சம் துருத்துகிறது, ஆனால் வலி இல்லை. அவர் முதலில் சொன்னது சரிதான்.

குறை என்றால், மாடிப்படி செங்குத்து, வயசானவர்களுக்குக் கஷ்டம். சாயங்காலம் ஒரே கூட்டம், காத்திருக்க நாற்காலி பத்தாது. செய்முறையை வாயால் சொல்வதோடு ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தால் நல்லது. கரண்ட் வைத்துப் படுத்து எழுந்தால் போதும் என்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது, வீட்டில் தினமும் செய்தே ஆகவேண்டும். சுகர் இருந்து தோள் இறுகிப்போனவர்களுக்கும், விழுந்து அடிபட்டவர்களுக்கும் வைத்தியம் வேறு என்று அவரே முதலில் கேட்டுப் பிரித்துவிடுகிறார்.

போகிறவர்கள் காலையில் போங்கள், நிதானமாகப் பார்ப்பார். பெண்களுக்குத் தனித் திரை உண்டு, முதுகு தெரிகிற மாதிரி துணி போட்டுப் போனால் போதும்.