நொண்டும் கோழிக்கு ‘வலி ஊசி’ போட விடாதீர்கள்

ஒன்றரை கிலோ எடையுள்ள நாட்டுப் பெட்டை. வலது காலை ஊன்றாமல் நொண்டியது. மற்றபடி தீனி எடுத்தது, எச்சமும் சரியாகவே இருந்தது. தீவனத்தோடு மருந்தும் விற்கும் ஒரு கடைக்குக் கொண்டுபோனபோது, காலைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. “வாதம்தான், ஒரு ஊசியில சரியாயிடும்” என்று நெஞ்சுச் சதையில் அரை மில்லி ஏற்றி 300 ரூபாய் வாங்கினார்கள். சீட்டு இல்லை, பில் இல்லை. மறுநாள் கோழி சிறகைத் தொங்கவிட்டு ஒடுங்கி நின்றது. தீனியைத் தொடவில்லை, எச்சம் வெள்ளைத் தண்ணீராகப் போனது. மூன்றாம் நாள் விடியும் முன் செத்துவிட்டது.

கால்நடை மருந்தகத்தில் அறுத்துப் பார்த்தபோது இதயத்தின் மேலும் கல்லீரலின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு. கடையில் உடைத்த ஆம்பூல் (கண்ணாடி மருந்துக் குப்பி), மனிதர்களுக்கான டைக்லோஃபெனாக் என்ற வலி மருந்து. நொண்டியதற்குக் காரணம், உள்ளங்காலில் கறுப்புப் பொருக்கோடு இருந்த ஒரு சின்னக் கட்டி. சாக வேண்டிய நோயே இல்லை.

கணக்கைப் பாருங்கள். அந்த ஆம்பூலில் 3 மில்லிக்கு 75 மில்லிகிராம் மருந்து இருக்கும். அரை மில்லி என்றால் 12.5 மில்லிகிராம், ஒன்றரை கிலோ கோழிக்குக் கிலோவுக்கு 8 மில்லிகிராமுக்கும் மேல். 60 கிலோ மனிதருக்கு முழு ஆம்பூலைப் போட்டாலும் கிலோவுக்கு 1.25தான் ஆகும். ‘கொஞ்சமாத்தான் போட்டேன்’ என்பவர் ஆறு மடங்குக்கு மேல் போட்டிருக்கிறார். அளவைக் குறைத்தாலும் பறவைக்கு இது ஆகாத மருந்து. பறவைகள் உடலின் கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. டைக்லோஃபெனாக் சிறுநீரகத்தைக் கெடுத்ததும் அந்த அமிலம் வெளியேற வழியில்லாமல் உள்ளுறுப்புகளின் மேல் படிகிறது. அந்தச் சுண்ணாம்பு அதுதான்.

மாட்டுக்குப் போட்ட இதே மருந்து, அதன் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகளை இதே விதத்தில்தான் கொன்றது. அதனால்தான் 2006இல் கால்நடைகளுக்கான டைக்லோஃபெனாக்கை இந்தியா தடை செய்தது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துகளும் அந்தத் தடைப் பட்டியலில் சேர்ந்தன. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகளுக்காகவாவது இந்த மூன்று பெயரையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு ஊசி டெக்ஸாமெதசோன். இது ஸ்டீராய்டு. போட்ட அன்றே கோழி எழுந்து தீனி எடுக்கும், கடைக்காரருக்கு நல்ல பெயரும் கிடைக்கும். ஆனால் காலில் சீழ் இருந்தால், அதை எதிர்த்து நிற்கும் சக்தியை இந்த மருந்து அடக்கிவிடும். சில நாளில் முன்னைவிட மோசமாகப் படுத்துக்கொள்ளும்.

நொண்டல் ஒரு நோயல்ல, அடையாளம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மருந்து கொடுப்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். பாதி காரணங்களை வீட்டிலேயே பார்த்துவிடலாம். அடைந்த பிறகு, இருட்டில், துண்டால் சுற்றிப் பிடித்தால் கோழி மிரளாது. முதலில் எடை போட்டுக் குறித்துவையுங்கள். பிறகு உள்ளங்காலைக் கழுவிப் பாருங்கள். விரலிடுக்கில் தலைமுடியோ நூலோ இறுக்கியிருக்கிறதா? இது நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. விரல் கறுக்கும் முன் சிறு கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும். கால் செதில்கள் தூக்கிக்கொண்டு மாவு படிந்ததுபோல் இருந்தால் அது செதில் உண்ணி. மண்ணெண்ணெய் தடவச் சொல்வார்கள், தோல் வெந்துவிடும். வாசலின் போதும், இரண்டு நாளுக்கு ஒருமுறை, சில வாரங்கள் விடாமல் தடவுங்கள். வாலைத் தாழ்த்தி உடம்பை நிமிர்த்தி நடந்தால் காலில் கோளாறு இல்லை, முட்டை அடைத்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போங்கள்.

உள்ளங்கால் கட்டிக்குப் பொறுமைதான் முதல் மருந்து. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் காலை ஊறவைத்து, துடைத்து, பீட்டாடின் போட்டு, காஸ் துணி வைத்துச் சுற்றுங்கள். விரல்கள் வீங்கும் அளவுக்கு இறுக்கக் கூடாது. சுற்றிய துணியைத் தினமும் மாற்ற வேண்டும். கட்டியைப் பிதுக்கினால் சீழ் உள்நோக்கிப் பரவும். பறவையின் சீழ் வழியாது, பாலாடைக்கட்டிபோல் கெட்டியாக இருக்கும்; பெரிதானால் மருத்துவர்தான் கீறி எடுக்க வேண்டும். கம்பி வலைத் தரையும், உயரத்திலிருந்து சிமெண்டில் குதிப்பதும் இருக்கும்வரை கட்டி திரும்பத் திரும்ப வரும். அடையும் கட்டையை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, கீழே உமியோ வைக்கோலோ பரப்புங்கள்.

வெளியில் ஒன்றுமே தெரியாமல் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக்கிடந்தால், அதுவும் ஒன்றரை மாதத்திலிருந்து ஏழு மாதத்துக்குள் உள்ள விடைக்கோழி என்றால், மாரெக்ஸ் நோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இது வைரஸ், நரம்பைத் தாக்குவது. மருந்து கிடையாது. ஏமாற்று இங்கேதான் அதிகம். மாரெக்ஸ் தடுப்பூசி பொரித்த அன்றே குஞ்சுக்குப் போடுவது. படுத்துவிட்ட மூன்று மாதக் கோழிக்கு அதைப் போட்டுக் காசு வாங்குவது மோசடி. ‘எல்லா ஊசியும் போட்ட குஞ்சு’ என்று விற்பவரிடம் எந்த ஊசி, எந்தத் தேதி என்று கேளுங்கள். பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சலுக்கான ராணிக்கெட் சொட்டு மருந்தைத்தான் சொல்வார்கள். அது அவசியம்தான், ஆனால் மாரெக்ஸுக்குத் தடுப்பாகாது. குஞ்சுப் பொரிப்பகத்தின் சீட்டில் மாரெக்ஸ் என்று எழுதியிருக்க வேண்டும்.

படுத்த கோழியைப் பஞ்சாரத்தில் தனியே வையுங்கள். மற்ற கோழிகள் கொத்தும். தண்ணீரும் தீனியும் அலகு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வையுங்கள், தானே விழுங்கும். சில மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள், இல்லையென்றால் நெஞ்செலும்பில் புண் வரும். எச்சம் ஒட்டிய இறகைக் கழுவித் துடையுங்கள். ஈ முட்டையிட்டால் புழு வைப்பதற்கு ஒரே நாள் போதும். எடை தினமும் இறங்கிக்கொண்டே போய், தீனியையும் விட்டுவிட்டால், வலியில்லாமல் முடித்துவைப்பது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். அது கைவிடுவது ஆகாது.

ஆன்டிபயாடிக் கொடுத்தால் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று கேட்டு எழுதிவாங்குங்கள். கடையில் இதற்குப் பதில் வராது. அரசு கால்நடை மருந்தகம் தொலைவு என்றால் 1962 என்ற கால்நடை உதவி எண்ணை அழைக்கலாம். பெயர் ஒட்டாத சிரிஞ்சில் வரும் எதையும் ஏற்ற விடாதீர்கள்.

கோழி இறந்துவிட்டால் வீட்டில் அறுக்க வேண்டாம். இரண்டு பையில் கட்டி, ஐஸ் வைத்து, அன்றே மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் உறையவைத்தால் திசு கெட்டுவிடும். அடுத்தடுத்துப் பல கோழி செத்தால் தொடாமல் முதலில் மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். தப்பான ஊசிதான் காரணம் என்று தெரிந்தால், காலி ஆம்பூலோடும் பில்லோடும் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். மேலே சொன்ன பெட்டையின் விஷயத்தில் பில் வாங்காததால் அதுவும் முடியாமல் போனது.